இன்ஜின் கொதிப்பது ஏன்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

கார் இன்ஜினில் எரிபொருள் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் ஆற்றலாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்து சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட்டாக வேண்டும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், அதன் மூடி, ஃபேன் ஆகிய ஐந்தில் எது பிசகினாலும் ஓட்டுநர் காண்பது சூடு காட்டும் முள் ஏறுவதை மட்டுமே. ஐந்து நோய்களுக்கும் அறிகுறி ஒன்றாக இருப்பதால் ஊகங்கள் பெருகிவிட்டன.

நம்பிக்கை 1: கோடை வெயிலில் இன்ஜின் சூடாவது இயல்புதான்.

உண்மை: நல்ல நிலையில் உள்ள கார் 42 டிகிரி வெயிலிலும் சூடேறாது. ஓடும் இன்ஜினில் கூலன்ட்டின் வெப்பம் பொதுவாக 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கூலன்ட் 95 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இடைவெளி 65 டிகிரி. காற்று 42 டிகிரியானால் 53. ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றும் திறன் இந்த இடைவெளியைப் பொறுத்தது என்பதால், கோடையில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவையும் கணக்கில் கொண்டுதான் ரேடியேட்டரின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. மார்கழியில் ஓடிய கார் சித்திரையில் கொதித்தால், ஏற்கெனவே இருந்த பழுதை வெயில் காட்டிக்கொடுத்தது என்றே பொருள்.

நம்பிக்கை 2: சூடேறினால் ரேடியேட்டரில் அடைப்பு.

உண்மை: எந்த நிலையில் சூடேறுகிறது என்பதை வைத்தே காரணத்தைத் தேட வேண்டும். சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீது விழ வேண்டும். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுப்பது ஃபேன் மட்டுமே. ஓடும்போது எதிர்க்காற்றே போதும். மின்சார ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டதும் ஃபேன் சுழலத் தொடங்க வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஏ.சி.யைப் போட்டால் சுழன்று, இன்ஜின் சூடானபோது மட்டும் சுழலாவிட்டால் சென்சாரையும் அதன் வயரையும் சோதிக்க வேண்டும்.

இதற்கு மாறாக, நெரிசலில் சரியாக இருந்து நெடுஞ்சாலையிலோ மலையேற்றத்திலோ சூடேறினால், பிறக்கும் வெப்பத்துக்கு ஈடாகக் கூலன்ட் ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் வெப்பத்தை விடவில்லை. உள்குழாய்களில் படிந்த உப்பு, தகடுகளை அடைத்த சேறும் பூச்சிகளும், நழுவும் பெல்ட், தேய்ந்த பம்ப் விசிறி, உறிஞ்சு விசையில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் ஆகியவை இங்கே பார்க்க வேண்டியவை. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போனால், கூலன்ட் குறைவு, கூலன்ட் வழியில் சிக்கிய காற்று (ஏர் லாக்), திறக்காத தெர்மோஸ்டாட், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டின் பழுது ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம்பிக்கை 3: ரிசர்வ் டேங்க் நிறைந்திருந்தால் கூலன்ட் போதுமான அளவு இருக்கிறது.

உண்மை: ரேடியேட்டரில் தனி மூடி உள்ள கார்களில் இது எப்போதும் பொருந்தாது. அந்த மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. சூடாகி விரியும் கூலன்ட்டை ஒன்று டேங்குக்கு அனுப்பும். இன்ஜின் ஆறியதும் மற்றொன்று அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். இரண்டாம் வால்வு கெட்டாலும் இணைப்புக் குழாயில் விரிசல் விழுந்தாலும் டேங்க் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். ஆகவே இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளேயே பார்க்க வேண்டும். மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரஷர் குக்கரைப் போல அது அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 1 பார் கூடுதலான அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால், வேறெந்தப் பழுதும் இல்லாமலே கூலன்ட் கொதித்து வழியும்.

நம்பிக்கை 4: பனி உறையாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு, தண்ணீரே போதும்.

உண்மை: வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர் கூலன்ட் கலவையைவிட மேலானதுதான். கெடுதல் வேறு வழியில் வருகிறது. கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் தண்ணீரில் இல்லை. அலுமினியமும் இரும்பும் அரிக்கப்பட்டு, அந்தக் கசடு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கிறது. போர்வெல் தண்ணீரானால், சூடான பரப்புகளில் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்துகொள்ளும். கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும் தவறு. கலவையைவிடக் குறைந்த வெப்பத்தையே அது சுமக்கும். வாலை வடிநீரோடு பாதிக்குப் பாதி கலப்பது பொதுவான அளவு. கலந்தே விற்கப்படும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

நம்பிக்கை 5: தெர்மோஸ்டாட் குளிர்நாடுகளுக்கானது, இங்கே கழற்றிவிடலாம்.

உண்மை: பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கூலன்ட்டை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துகொள்ளும். கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பி வருவதால், சுமை கூடும்போது சூடு முன்னைவிட அதிகமாகலாம். மற்ற நேரங்களில் இன்ஜின் தேவையான வெப்பத்தை எட்டாது. குளிர்ந்த இன்ஜினுக்குக் காரின் கணினி கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் தெர்மாமீட்டரோடு தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதில் பொறித்துள்ள 82 அல்லது 88 போன்ற வெப்பநிலையை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போட வேண்டும்.

நம்பிக்கை 6: முள் இறங்கிவிட்டால் ஆபத்து நீங்கியது.

உண்மை: உச்சியில் நின்ற முள் திடீரென விழுவது மோசமான அறிகுறியாகவும் இருக்கலாம். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் முழுதும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நின்றால் முள் இறங்கிவிடும், இன்ஜின் தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும். அப்போது ஹீட்டரைப் போட்டுப் பார்க்கலாம். கொதிக்கும் இன்ஜினில் ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதினால், பெரும்பாலும் கூலன்ட் இல்லை அல்லது ஓடவில்லை. சூடான காற்று வந்தால், இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதியை ஹீட்டரே வெளியேற்றுகிறது. வண்டியை ஓரங்கட்டும்வரை அது உதவும்.

நம்பிக்கை 7: கொதித்ததும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உண்மை: அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 110 டிகிரி கூலன்ட், மூடி திறந்த கணமே ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். இன்ஜினை நிறுத்தி, மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால், அலுமினிய ஹெட் கோணவோ விரிசல் விடவோ கூடும்.

நம்பிக்கை 8: ஆயில் மூடியில் வெண்பசை தெரிந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அதை மாற்றினால் சிக்கல் தீரும்.

உண்மை: குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் படிந்தும் மூடியில் வெண்பசை உண்டாகும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் நிறமாக இருந்தால்தான் கவலை. கசிவே இல்லாமல் கூலன்ட் குறைவது, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் விறைப்பது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருவது ஆகியவை வலுவான அறிகுறிகள். உறுதி செய்ய ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயிலிருந்து உறிஞ்சிய காற்றில் எரிபொருள் எரிந்த புகை கலந்திருந்தால், பெட்ரோல் இன்ஜினில் அந்தத் திரவம் மஞ்சளாகும்.

கேஸ்கட் பழுது பல நேரங்களில் சூட்டின் விளைவே தவிரக் காரணம் அன்று. நின்றுபோன ஃபேனோ கசிந்த ஹோஸோ இன்ஜினைக் கொதிக்கவைத்து, ஹெட்டைக் கோணச் செய்து, கேஸ்கட்டைக் கெடுத்திருக்கும். ஆகவே கேஸ்கட் மாற்றும்போது ஹெட்டின் தளம் சமமாக உள்ளதா என்று நேர்விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் சூடேற்றிய பழுதையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது.