ஆஃபர் லெட்டர் கையில், ரூம் எங்கே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, தேர்வாய் கண்டிகையிலோ, பொன்னேரி பக்கம் மஹிந்திராவும் ஜப்பானின் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்தும் ஆரிஜின்ஸ் பார்க்கிலோ உங்களுக்கு ட்ரெயினி வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை ரிப்போர்ட் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வாழ்த்துகள். அடுத்த வேலை தங்க இடம் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் இதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தோளில் பையோடு, கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு செய்கிறார்கள். இருட்டுவதற்குள் கிடைத்த ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அவதிப்படுகிறார்கள்.

ட்ரெயினிகளை கன்ஃபர்ம் பண்ணும் மீட்டிங்குகளில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரை நிறுத்தச் சொல்லும்போது “வேலை தெரியலை” என்ற காரணத்தை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். “அடிக்கடி லேட்”, “சொல்லாம லீவு”, “நைட் ஷிஃப்ட்ல லைன்ல தூங்கிட்டான்” என்பவைதான் திரும்பத் திரும்ப வரும். கூப்பிட்டு விசாரித்தால் கதை கடைசியில் ரூமில் போய் நிற்கும். உங்கள் பேட்ச்சில் இருபது பேர் சேர்ந்தால் இருபது பேரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கி, நேரத்துக்கு கேட்டில் நிற்பவருக்கு முதல் நாளே ஒரு படி கூடுதல். அதனால் ரூமை வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

1. வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தக் கணக்கைப் போடுங்கள்.

அப்ரென்டிஸ் விதிகளை 2019ல் திருத்தியபோது டிகிரி முடித்தவருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று ஸ்டைபெண்ட் வைத்தார்கள். உங்கள் கம்பெனி கூடக் கொடுக்கலாம். எவ்வளவாக இருந்தாலும் கேன்டீன், பஸ், யூனிஃபார்ம் என்று பிடித்தது போக கையில் வருவதை எழுதுங்கள். ரூம், சாப்பாடு, போக்குவரத்து மூன்றும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது. இது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

ஒரு கணக்கு பாருங்கள். உள்ளே தள்ளி ஒரு ரூமில் உங்கள் ஷேர் 2,000 என்று வைத்துக்கொள்வோம். மெயின் ரோட்டுக்கு வர ஷேர் ஆட்டோ போக 20, வர 20. மாதம் 26 நாளுக்கு 1,040 ரூபாய். ஆக 3,040. கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இன்னொரு ரூம் 2,800. ஆட்டோவுக்கு நிற்கும் அரை மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்தால் 2,800 ரூபாய் ரூம்தான் மலிவு. ஆனால் 2,000 என்ற நம்பரைக் கேட்டதும் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

2. ரூமுக்கு முன்னால் பஸ்ஸைத் தேடுங்கள்.

ஹெச்ஆருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். கம்பெனி பஸ் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும், எத்தனை மணிக்கு, மூன்று ஷிஃப்டுக்கும் உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஜாயினிங்குக்கு முன்பே இப்படி விசாரிக்கிற பையனை ஹெச்ஆர் நல்லவிதமாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

புதுவாயலுக்கு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் கவரைப்பேட்டை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக வருகிறது. வடசென்னையில் வீடு இருப்பவர்கள் முதல் மூன்று மாதம் ரூமே எடுக்காமல் சீசன் டிக்கெட்டில் ஓட்டிவிடலாம். காலையில் சென்னைக்குள் போகும் கூட்டத்துக்கு நீங்கள் எதிர்த்திசை. ஆனால் செகண்ட் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு ரயில் உண்டா என்று டைம்டேபிளைப் பார்த்த பிறகே இந்த முடிவை எடுங்கள். ஜெனரல் ஷிஃப்ட் மட்டும் என்றால் பொன்னேரியில் தங்குவதும் நல்ல யோசனை. கடை, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் உள்ள ஊர். தேர்வாய் கண்டிகை போகிறவர்களுக்கு ரயில் உதவாது, முழுக்க பஸ்ஸை நம்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, ஹைவேயின் எந்தப் பக்கம் ரூம் என்று பாருங்கள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க லாரி ஓடும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, பாதித் தூக்கத்தில், சென்டர் மீடியனைத் தாண்டி வருகிற நிலைமை உங்களுக்கு வேண்டாம். ராத்திரி பஸ் எந்தப் பக்கம் இறக்கிவிடுகிறதோ அந்தப் பக்கமே எடுங்கள். நூறு இருநூறு கூட ஆனாலும் சரி.

3. வேலையும் படுக்கையும் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டாம்.

இந்தப் பகுதியில் நான்கு வகை இடம் கிடைக்கும். நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் பேச்சுலர் வீடு, பொது பாத்ரூமோடு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, மெஸ்ஸோடு கூடிய பிஜி, கான்ட்ராக்டர் தரும் ரூம். ஒரு காலத்தில் வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் என்ன செய்ததோ, அதை இன்றைக்கு இந்த லைன் வீடுகள் செய்கின்றன. கான்ட்ராக்டர் ரூம் இலவசம் என்பார்கள். முதல் மாதத்துக்குப் பரவாயில்லை. ஆனால் வேறு கம்பெனியில் நல்ல ஆஃபர் வந்து ராஜினாமா செய்தால் அன்று ராத்திரியே பையைத் தூக்க வேண்டும். சம்பளத்தில் ஏதாவது கேள்வி கேட்டாலும் இதே பயம்தான் வாயை அடைக்கும். முதல் சம்பளம் வந்ததும் சொந்த இடத்துக்கு மாறிவிடுங்கள்.

4. ரூமை அளந்து பாருங்கள், அண்ணாந்தும் பாருங்கள்.

நான் ட்ரெயினியாகச் சேர்ந்தபோது எடுத்த ரூம் பத்துக்குப் பத்து. ஆறு பேர், ஒரு ஃபேன், இரண்டு பிளக் பாயிண்ட். மூன்று பேர் டே ஷிஃப்ட், மூன்று பேர் நைட் ஷிஃப்ட் என்பதால் பாய் எப்போதும் சுருட்டப்படவே இல்லை. ஒருவர் எழுந்த சூட்டிலேயே இன்னொருவர் படுப்பார். கூரை சிமென்ட் ஷீட். மே மாதம் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து எட்டு மணிக்குப் படுத்தால் பத்தரைக்கு ஷீட் காய்ந்து அனல் இறங்கும். பனியனை நனைத்து மேலே போட்டுக்கொண்டு படுப்பேன். பதினைந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், திரும்ப எழுந்து நனைக்க வேண்டும். இப்படி நான்கு நாள் தூங்காமல் போனதில் ஐந்தாம் நாள் ராத்திரி பார்ட் நம்பரை மாற்றி ஃபீட் பண்ணிவிட்டேன். லைன் நாற்பது நிமிஷம் நின்றது. என்னோடு சேர்ந்தவருக்கு அந்த வருஷம் ஆபரேட்டர் கிரேடு கிடைத்தது. எனக்கு அடுத்த வருஷம்தான். மாதம் எழுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எடுத்த ரூம் அது.

எனவே ஷிஃப்ட் வேலை என்றால் ஷீட் போட்ட ரூம் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் தளமாக இருந்தாலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ளதைவிடத் தரைத் தளம் மேல். பகலில் தூங்குபவருக்கு ஜன்னலுக்கு ஒரு கெட்டித் துணி, காதுக்குப் பஞ்சு. இவ்வளவுதான் செலவு.

எத்தனை பேர் இருக்கலாம்? ஜப்பான் 1993ல் தொடங்கிய டெக்னிக்கல் இன்டர்ன் திட்டத்தில், வெளிநாட்டுப் பயிற்சியாளர் தங்கும் படுக்கையறையில் தலைக்குக் குறைந்தது 4.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி. நம் கணக்கில் சுமார் 48 சதுர அடி. பத்துக்குப் பத்து ரூம் என்றால் இரண்டு பேர். புதுவாயலில் இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது, தெரியும். மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது ஆளால் மிச்சமாகும் பணம் தூக்கத்தில் போய்விடும்.

குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கேன் தண்ணீர்ச் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. அட்வான்ஸைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஜிபே, போன்பே எதுவானாலும் “ரூம் அட்வான்ஸ்” என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்டால் பேரம் பேசுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரை, மூன்று மாதத்தைத்தான் வரம்பாகச் சொல்கிறது. வெள்ளைப் பேப்பரில் ஓனர் கையெழுத்தோடு நான்கு வரி போதும்: அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள். குடியேறும் அன்றே சுவரையும் பாத்ரூம் கதவையும் போட்டோ எடுத்து ஓனர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

இபி பில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யூனிட்டுக்கு எவ்வளவு, தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது யார் கணக்கில் போகிறது என்பதும் பேச வேண்டிய விஷயம்தான். பிஜிக்காரர் பில்லில் ஜிஎஸ்டி சேர்த்தால் நிறுத்திக் கேளுங்கள். 2024 ஜூனில் நடந்த 53வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்ட முடிவின்படி, தலைக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள் தங்கினால் விடுதி வாடகைக்கு வரி கிடையாது.

ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள், கொடுங்கள். அதன் மேல் குறுக்காக “ரூம் வாடகைக்கு மட்டும்” என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை ஓனரிடமும் கொடுக்காதீர்கள், கான்ட்ராக்டரிடமும் கொடுக்காதீர்கள். எந்தக் காரணம் சொன்னாலும் சரி.

6. மெஸ்ஸில் சாப்பிடுவதற்கு முன் அடுப்படியைப் பாருங்கள்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டார்கள். ஹைவேயை மறித்துப் போராடினார்கள், ஃபேக்டரி பல நாள் மூடியிருந்தது. பாத்திரம் கழுவும் இடம், தண்ணீர்த் தொட்டியின் மூடி, மிச்சக் குழம்பு எங்கே போகிறது என்ற மூன்றையும் பாருங்கள். உள்ளே விட மறுக்கிற மெஸ் வேண்டாம்.

7. பெண்களே, விடுதியின் லைசென்ஸைக் கேளுங்கள்.

2014ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த அனுமதி வாங்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த விடுதி. அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற ஊர்களில் நடக்கின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கும்படி சிப்காட் ஒரு விடுதியைத் திறந்தது. சென்னைக்குத் தெற்கேயும் மேற்கேயும் செய்ததை இந்த வடக்குப் பக்கத்துக்கும் செய்ய வேண்டும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் வரை வேலை பார்க்கும் பெண்களுக்கு இது அவசரத் தேவை. அதுவரை, கம்பெனி பஸ் விடுதி வாசலுக்கே வருமா என்பதை ஹெச்ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. ரூம்மேட்டும் ஒரு முதலீடுதான்.

முடிந்தவரை ஒரே ஷிஃப்ட் ஆட்களோடு சேருங்கள். உங்களைவிட இரண்டு வருஷம் சீனியர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்தச் சூப்பர்வைசர் எப்படி என்ற செய்தி நோட்டீஸ் போர்டுக்கு வருவதற்கு முன் அவருக்கு வந்துவிடும். பக்கத்து ரூமில் ஒடிசா, பீகார் பையன்கள் இருந்தால் சாயங்காலம் அரை மணி நேரம் இந்தி பேசிப் பழகுங்கள். நாளைக்கு ஒரு லைனை உங்கள் கையில் கொடுக்கும்போது அந்த இந்திதான் உங்களைப் பக்கத்து ஆளிடமிருந்து பிரித்துக் காட்டும்.

9. ஜப்பான் போகும் வாய்ப்பு வந்தால்.

ஆரிஜின்ஸிலும், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியிலும் யான்மார், இசுசு, டைகின் என்று ஜப்பான் கம்பெனிகள் நிறைய. ட்ரெயினிங்குக்கு அனுப்பினால் ‘ரியோ’ எனப்படும் கம்பெனி டார்மிட்டரி தருவார்களா, சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று இங்கேயே கேட்டுவிடுங்கள். தனியாக வீடு எடுத்தால் அங்கே இரண்டு வார்த்தை முக்கியம். ‘ஷிகிகின்’ நம் அட்வான்ஸ் மாதிரி, கழித்தது போகத் திரும்பி வரும். ‘ரெய்கின்’ ஓனருக்குக் கொடுக்கும் காணிக்கை, வரவே வராது. ரெய்கின் இல்லாத வீடுகளும் இருக்கின்றன, அதைக் கேட்டுத் தேடுங்கள். படிக்கப் போகிறவர்கள் அட்மிஷன் கிடைத்த அன்றே யுனிவர்சிட்டி டார்மிட்டரிக்கு அப்ளை பண்ணுங்கள். சுற்றிப் பார்க்கப் போகிற மாணவர்களுக்கு யூத் ஹாஸ்டலும் கேப்சூல் ஹோட்டலும் உண்டு. முதல் கேப்சூல் ஹோட்டல் 1979ல் ஒசாகாவின் உமேடாவில் வந்தது, வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. கடைசி ரயிலை விட்ட ஆபீஸ்காரர்களுக்குக் கை கொடுத்த இடம் அது. ஒரு ஆள் படுக்கும் பெட்டிதான், ஆனால் ஸ்டேஷனுக்குப் பக்கம், சுத்தமான பாத்ரூம், காலையில் நேரத்துக்கு வேலைக்குப் போய்விடலாம்.

திங்கட்கிழமை ஜாயினிங் என்றால் வெள்ளிக்கிழமையே புதுவாயல் வந்துவிடுங்கள். பகலில் மூன்று ரூம் பாருங்கள். பிடித்த ரூமுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு முறை தனியாக நடந்து போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.