ஐந்தாம் சீலமும் வாகனச் சட்டமும்



பஞ்சசீலத்தின் ஐந்தாவதை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். மதுவை விலக்குவது என்று மட்டும் அதற்குப் பொருள் கூறி நின்றுவிடலாகாது. அச்சீலத்தினுள் 'பமாதம்' என்றொரு சொல் உளது. கருத்திழத்தல், அசட்டை என்பன அதன் பொருளாம். கருத்திழந்தவன் ஏனைய நான்கு சீலங்களையும் காக்கமாட்டான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல் இதற்குக் கண்கூடான சான்று. அந்தமான் தீவுகளில் வண்டி ஓட்டிப் பிழைப்போர் நம்மிடையே இருத்தலின், அதுபற்றிய சட்டத்தை வினாவிடையாகக் கற்போம்.

வினா: எது குற்றம்?

விடை: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்து இருக்க வண்டி ஓட்டுவது குற்றம், ஓட்ட முயல்வதும் குற்றமே. எவர்மீதும் மோதியிருக்க வேண்டுவதில்லை. தீங்கு விளையுமுன்னரே சட்டம் கையை நீட்டித் தடுக்கின்றது.

வினா: தண்டனை யாது?

விடை: முதன்முறை ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டாண்டுவரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் முதல் தேதிக்கு முன் முதற்குற்றத்தின் அபராதம் 2,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தது. அன்றியும், 20ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதத்திற்குக் குறையாமல் தடுத்துவைக்கும். வண்டியே பிழைப்பானவனுக்கு அபராதத்தினும் இதுவே பேரிழப்பு. அவன் வீட்டு அடுப்பு ஆறு மாதம் அணைகின்றது.

வினா: சோதனைக் கருவியில் ஊத மறுக்கலாமா?

விடை: சீருடையணிந்த காவலர் கேட்டால் ஊதுதல் வேண்டும். குடித்திருப்பதாக ஐயுறத் தக்க காரணமிருந்து, ஒருவன் மறுப்பானாயின், 203ஆம் பிரிவின்படி வாரண்டின்றியே கைது செய்யலாம்.

வினா: உடனிருந்தவருக்குக் குற்றம் உண்டோ?

விடை: உண்டு. 188ஆம் பிரிவின்படி, இக்குற்றத்திற்குத் துணைபோனவனுக்கும் குற்றவாளிக்குரிய தண்டனையே. குடித்தவன் கையில் சாவியைத் தந்து, 'நீ ஓட்டு' என்று ஏவுகின்றவன் இதை நினைக்கக் கடவன்.

வினா: உயிர் போயின்?

விடை: 2006 நவம்பர் 12 விடியற்காலை, மும்பை பாந்திராவில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்மீது ஒரு கார் ஏறிற்று. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். ஓட்டியவரின் இரத்தத்தில் மதுச்சத்து 0.112 சதவீதம், இன்றைய வரம்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கீழ்நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது. உயர்நீதிமன்றம் அதனை மூன்றாண்டாக உயர்த்தியது. 2012இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வெறும் அசட்டை என்று இதைத் தள்ளாமல், மரணம் நேரக்கூடும் என்றறிந்து செய்த குற்றமாகவே நீதிமன்றம் கொண்டது. பகலெல்லாம் உழைத்து வெறுந்தரையில் படுத்த அவ்வெழுவரும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே.

நாம் ஆலையில் பல்லாண்டு உழைத்தவர். இயந்திரத்தருகே கருத்திழந்தவன் தன் விரலை இழப்பான். வண்டியில் கருத்திழந்தவனோ பிறர் உயிரைப் போக்குகின்றான். நம் தீவுகளில் அந்தமான் பெருஞ்சாலை ஜாரவர் வாழும் காட்டினூடே திக்லிப்பூர்வரை நீண்டு செல்கின்றது. அவ்வழியில் அடிபட்டவரை, போர்ட் பிளேயர் என்றிருந்து 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய தலைநகரின் மருத்துவமனைக்குக் கொண்டுவர நெடுநேரம் ஆகும். அந்நேரத்தை எந்த அபராதமும் மீட்டுத் தராது.

ஆதலின், திருமணமோ துக்கமோ, குடித்தவர் வந்திருந்தால் சாவியை வீட்டுப் பெரியவர் வாங்கி வைக்கட்டும். அவருக்கு ஒரு பாயும் உணவும் தந்து, காலையில் அனுப்புக. கோபித்துக்கொள்வாராயினும் பொறுத்துக்கொள்க. சட்டம் 30 மில்லிகிராம்வரை பொறுக்கின்றது. சீலம் ஒரு துளியையும் பொறாது. வரும் உபோசத நாளில் இப்பாடத்தை இல்லத்தார் யாவருக்கும், குறிப்பாக வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும், வாசித்துக் காட்டுக.