ஒட்டுப் போடும் கலை

கிழிந்த பாவாடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது தைப்பதா, கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவதா? தையல் வகுப்பில் எழும் இக்கேள்வி கணினி மென்பொருள் உலகிலும் எழுகின்றது. அதனைச் சற்றே காண்போம்.

1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் ஒரு கட்டற்ற மென்பொருள் தொகுப்பாகும். பற்பல குழுவினர் எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொண்டர்கள் பொதிகளாகக் கட்டி இதில் வழங்குகின்றனர். நிலையான வெளியீடு ஒன்று வந்தபின், அதிலுள்ள மென்பொருள்களைப் பெரும்பாலும் புதிய பதிப்புக்கு மாற்றுவதில்லை. புதுப் பதிப்பு குறையை நீக்கும். கூடவே வேறு மாற்றங்களையும் கொணரும். அதனை நம்பியுள்ள பிற மென்பொருள்கள் தடுமாறக்கூடும். ஆகவே, மூல ஆசிரியர்கள் செய்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவர். இதனைப் பின்பொருத்தம் எனலாம்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். 2014 ஏப்ரலில், இணையச் செய்திகளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறை வெளிப்பட்டது. கணினியின் நினைவகத்திலுள்ள இரகசியங்கள் அதன் வழியே கசியக்கூடும். மூலக் குழுவினர் 1.0.1ஜி பதிப்பில் அதனை நீக்கினர். டெபியன் 7-இல் இருந்ததோ 1.0.1இ. தொண்டர்கள் அத்திருத்தத்தை மட்டும் அதில் பொருத்தினர். எனவே பதிப்பு எண்ணை மட்டும் கண்டு, ‘பழையது, ஆபத்தானது’ என முடிவு செய்யலாகாது. பொதியின் மாற்றக் குறிப்பையும் படித்தல் வேண்டும்.

ஒட்டுகள் பெருகினால் ஒழுங்கு தேவை. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைப்பர். எதன்பின் எது என்பதை ‘சீரீஸ்’ என்னும் பட்டியல் கூறும். ‘குயில்ட்’ என்னும் கருவி அவ்வரிசைப்படி அவற்றை இடும். ஒட்டுத் துணிகளால் தைத்த போர்வைக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்! ஏன் இட்டோம், எங்கிருந்து பெற்றோம், மூல ஆசிரியருக்குத் தெரிவித்தோமா என்பனவற்றைக் கோப்பின் தலைப்பில் எழுதுவர். அத்திருத்தம் அடங்கிய புதுப் பதிப்பு பொதிக்கு வந்ததும் பழைய ஒட்டை அகற்றுவர்.

இதில் கவனம் தவறினால் கேடு பெரிது. 2006-இல் இதே ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், மூல நிரலில் இல்லாத ஒரு மாற்றம் டெபியனில் மட்டும் செய்யப்பட்டது. எச்சரிக்கைச் செய்தி ஒன்றை நிறுத்தவே இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அதனால் இரகசியச் சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. 2008 மே மாதத்தில்தான் குறை வெளியிடப்பட்டது. அதுவரை ஆக்கிய சாவிகளையெல்லாம் மாற்ற நேர்ந்தது.

சிறு ஒட்டாயினும், அதன் வரலாற்றை எழுதி வைப்போம். அறிந்தவரிடம் காட்டி இடுவோம். பின்வருபவர் நமக்கு நன்றி கூறுவர்.