குழப்பமில்ல மேடம்

நாகர்கோவில்காரிக்கு மலையாளம் புதிதில்லை. ஆனாலும் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு சொல்லைச் சரியாகக் கேட்கப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. 'குழப்பமில்ல.' நமக்குக் குழப்பமில்லை என்றால் தெளிவாக இருக்கிறது என்று பொருள். அங்கே பிரச்சினை இல்லை, பரவாயில்லை, பார்த்துக்கலாம், விடுங்க எல்லாமே அந்த ஒரு சொல்தான். என் பிரிவில் 14 பேர். தினமும் காலையில் "எல்லாம் சரியா?" என்று கேட்பேன். "குழப்பமில்ல மேடம்" என்பார்கள். நானும் நிம்மதியாக என் மேசைக்குப் போய்விடுவேன்.

ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டெரிலைசேஷன் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தி, கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, செட் செட்டாகப் பொதிந்து, ஆட்டோகிளேவில் வைத்துத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதே இல்லை. ஆனால் எங்கள் கைபட்ட பொருள்தான் அவர்களுடைய உடம்புக்குள் போகிறது.

அங்கே நாளின் முதல் வேலை போவி-டிக் டெஸ்ட். காலி மெஷினில் ஒரு சிறிய பொதியை வைத்து 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓட்டுவோம். பொதிக்குள் ஒரு தாள் இருக்கும். மெஷினிலிருந்த காற்று முழுக்க வெளியேறி, நீராவி பொதியின் நடுவரை போய்ச் சேர்ந்திருந்தால் தாள் முழுவதும் ஒரே மாதிரி கறுத்துவிடும். காற்று மிச்சமிருந்தால் நடுப்பகுதி மட்டும் வெளிறி நிற்கும். வெளிறினால் அந்த மெஷினில் ஒரு கத்தரியைக்கூட வைக்கக் கூடாது.

நான் பொறுப்புக்கு வந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை, இளம் டெக்னீஷியன் ஒருத்தி அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறல். அன்றைக்குத் தியேட்டரில் கேஸ் அதிகம், இரண்டு முறை போன் வந்துவிட்டது. "பொதியை நீ ஒழுங்கா வெச்சியா?" என்றேன், எல்லோர் முன்னாலும். அவள் மறுபடி ஓட்டினாள். இரண்டாவது தாள் கறுப்பாக வந்தது. "பாத்தியா?" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு டெஸ்டும் ஃபெயில் ஆகவில்லை. மாத அறிக்கையில் அதைப் பெருமையாக எழுதினேன். ஒருநாள் சர்வீஸ் இன்ஜினியர் வந்து கதவின் ரப்பர் கேஸ்கட்டைக் கழற்றிக் காட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து விரிசல் விட்டிருந்தது. "இத்தனை நாளும் டெஸ்ட் ஒருதடவைகூட ஃபெயில் ஆகலையா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேக்கிங் மேசையின் கீழ் டிராயரில், பழைய லேபிள்களுக்கு அடியில், நான்காக மடித்த ஏழு தாள்கள் இருந்தன. ஏழும் நடுவில் வெளிறியவை. பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, கறுத்த தாளை மட்டும் ஃபைலில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஏழையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யார் ஒளித்து வைத்தார்கள் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அலமாரியில் இருந்த செட் அத்தனையையும் திரும்ப வாங்கினோம். அந்த மாதங்களின் உயிரியல் இண்டிகேட்டர் பதிவுகளை ஒன்றுவிடாமல் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. எந்த நோயாளிக்கும் கெடுதல் நேரவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் முதல் காரணமாக என் பெயரையே எழுதினேன்.

இந்த ஊரில் தலைமைப் பண்பு என்று பேச்செடுத்தாலே எஸ்எல்வி-3 கதை வந்துவிடும். 1979 ஆகஸ்ட் 10 அன்று, இங்கே விக்ரம் சாராபாய் மையத்தில் உருவான அந்த ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக்கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் போய்ப் பொறுப்பேற்றவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று வெற்றி வந்தபோது கலாமைப் பேச அனுப்பினார். அத்தனையும் உண்மை, அத்தனையும் பெருமைக்குரியது. ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்தக் கதையின் முன்பகுதி. கிளம்புவதற்குச் சற்று முன் கம்ப்யூட்டர் ஏவுதலை நிறுத்தியது. எரிபொருள் போதுமான அளவு இருக்கிறது, பயமில்லை என்று நிபுணர்கள் சொன்னார்கள். கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னது நான்தான் என்று கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தலைவர் ஏற்றுக்கொண்டார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எச்சரிக்கையைத் தாண்டிப் போன கை என்னுடையது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர்தான் எனக்கு ஆசிரியர்.

மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்திரா நிலையத்தின் கதை இன்னும் பொறுமையானது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இதயவால்வு செய்யப் புறப்பட்டவர்களுக்கு முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. மிக உறுதியான கல் என்று நம்பிச் செய்த நீலக்கல் வட்டு ஒரு மாதிரியில் உடைந்தது. நான்காவதில் பிளாஸ்டிக் வட்டு. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதயம் ஒருநாளில் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடைந்ததை உடைந்தது என்று சொல்ல யாராவது ஒருவர் பயந்திருந்தால் அந்த வால்வு எந்த நெஞ்சில் போய் நின்றிருக்கும்?

அதன்பின் நான் மாற்றிக்கொண்டவை சின்னச் சின்ன விஷயங்கள். "எல்லாம் சரியா?" என்று கேட்பதையே விட்டேன். 'குழப்பமில்ல' என்று பதில் வர வாய்ப்புள்ள கேள்வியைக் கேட்பதில்லை. "இன்னிக்கு எந்த செட்டைச் சரியில்லன்னு திருப்பி அனுப்பினீங்க?" என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்று ஒரு வாரம் தொடர்ந்தால் நானே போய்ப் பேக்கிங் மேசையில் நிற்கிறேன். வெளிறிய தாள்களுக்கு ரெஜிஸ்டரில் தனிப் பக்கம் உண்டு, அங்கேதான் ஒட்ட வேண்டும். தப்பைப் பற்றிய பேச்சு தனியறையில். "யாரு?" என்று ஆரம்பிப்பதில்லை, "எங்க?" என்று ஆரம்பிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் கலந்து பேசும் தலைமை சரிவராது. ஷிப்ட் எப்படிப் போடுவது, எந்த செட்டை எப்படி அடுக்குவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், என்னைவிட அவர்களுக்குத் தெரியும். டெஸ்ட் ஃபெயில் என்றால் பேச்சுவார்த்தையே கிடையாது, மெஷின் நிற்கும். அதை நிறுத்த என்னைக் கேட்கவேண்டியதில்லை. நேற்றுச் சேர்ந்தவரும் நிறுத்தலாம். தியேட்டரிலிருந்து கோபமாக வரும் போன் மட்டும் என் மேசைக்கு வரும். இந்த ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் மிகவும் பாடுபட்டேன். இரண்டு சர்ஜன்களோடு நேருக்கு நேர் பேசவேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள், குழித்துறை தாண்டி ரயில் நின்றுவிட்டதால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் நம்பர் மெஷினின் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது. அன்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேனே, அதே பெண் ரெஜிஸ்டரைத் திறந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். தியேட்டரிலிருந்து மூன்று போன் வந்ததாம், மேடம் வந்ததும் பேசுவார் என்று சொல்லிவிட்டாளாம். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெளிறல் அன்றைக்கு இருந்ததைவிடச் சின்னது, மிளகு அளவுதான்.

"நல்லாப் பாத்தே மோளே" என்றேன். "ஒண்ணாம் நம்பர்ல ஓட்ட ஆரம்பிச்சாச்சா?"

"முதல் லோடு இறங்கியாச்சு மேடம்."

போனை எடுத்துத் தியேட்டருக்குப் பேசப் போனேன்.