உலோகப் பகுதிகளை ஒட்டுப்பசையால் இணைத்தல்

தறையாணி, பற்றாசு, வெல்டிங் ஆகியன உலோகங்களை இணைக்கும் பழைய முறைகள். துளையும் வெப்பமும் இன்றி இணைக்க ஒட்டுப்பசை உதவுகிறது. மாணவர்களே, "நல்ல பசையென்றால் நன்றாக ஒட்டும்" எனப் பலரும் எழுதுவர். இது பாதி விடையே. மீதிப் பாதி உலோகத்தின் மேற்பரப்பில் உள்ளது.

1. இரண்டு விசைகள்

ஒட்டல் விசை: பசைக்கும் உலோகத்துக்கும் இடையிலானது.
பிணைவு விசை: பசையின் மூலக்கூறுகளுக்கு இடையிலானது.

கழன்ற மூட்டில் ஒரு பக்கம் வெறும் உலோகம் தெரிந்தால் ஒட்டல் விசை போதவில்லை. இரு பக்கமும் பசை இருந்தால் பசையே பிளந்துள்ளது.

2. வீட்டில் பயன்படும் பசைகள்

(அ) எப்பொக்சி: ஒரு டியூப்பில் பிசினும் மற்றதில் வன்மையாக்கியும் இருக்கும். கலந்ததும் இரசாயனத் தாக்கம் நிகழ்ந்து வலைபோன்ற பல்பகுதியம் உருவாகும். இது காய்வதன்று, தாக்கமடைவது. எனவே பொதியிற் குறித்த விகிதத்தை மாற்றக்கூடாது.

(ஆ) சுப்பர் குளூ (சயனோஅக்ரிலேற்று): மேற்பரப்பிலுள்ள சிறிதளவு ஈரத்தால் பல்பகுதியமாகும். விரைவாக ஒட்டும், ஆனால் அடி, வெப்பம், நீடித்த ஈரம் ஆகியவற்றை நன்கு தாங்காது.

3. செய்முறையும் காரணமும்

• எண்ணெய், உப்பு, அழுக்கைச் சவர்க்கார நீரால் கழுவி உலர்த்துக. எண்ணெய்ப் படை இருந்தால் பசை உலோகத்தைத் தொடாது.
• துருவையும் பழைய பெயின்ற்றையும் அரத்தாளால் தேய்த்து நீக்குக. துருவின்மேல் ஒட்டினால், துரு உரியும்போது பசையும் உரியும்.
• தேய்த்த தூளைத் துடைத்து, விரலால் தொடாது உடனே ஒட்டுக. அலுமினியத்தில் ஒட்சைட்டுப் படை உடனேயே மீண்டும் உருவாகும். தாமதித்தால் ஈரமும் அழுக்கும் படியும்.
• அசையாதபடி கவ்வி, பொதியிற் குறித்த நேரம் விடுக.
• எப்பொக்சி தோலிற் படாமல் கையுறை அணிக. சுப்பர் குளூவால் விரல்கள் ஒட்டினால் இழுக்காது, இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவிடுக.

4. மூட்டின் வடிவம்

இரு தகடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டாது, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து ஒட்டுக. பரப்பு கூடும்போது விசை பரவும். பசை மூட்டு வழுக்கி இழுக்கும் விசையைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் விசைக்கு எளிதில் தோற்கும்.

5. ஓர் உண்மைச் சம்பவம்

1988 ஏப்ரல் 28 இல், ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரையில் ஒரு பகுதி பிய்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் உடற்தகடுகள் பசையாலும் தறையாணிகளாலும் இணைக்கப்பட்டிருந்தன. பசை விட்ட இடங்களில் ஈரம் புகுந்து அரிப்பு ஏற்பட்டது. பசை தாங்கவேண்டிய சுமை தறையாணிகளுக்கு மாறியதால், துளைகளருகே வெடிப்புகள் வளர்ந்தன. அவை பராமரிப்பின்போது கண்டறியப்படவில்லை.

பனிச்சங்கேணி போன்று களப்பும் கடலும் அருகிலுள்ள ஊர்களிலும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. எனவே ஒட்டிய மூட்டின் ஓரங்களுக்குப் பெயின்ற் பூசுக, இடையிடையே சோதிக்குக.

6. பசையால் ஒட்டக்கூடாதவை

சைக்கிளின் பிரேக், முன்கவை, ஹாண்டில், காஸ் அடுப்பின் பகுதிகள், பிரஷர் குக்கர், படகு எஞ்சினைத் தாங்கும் பகுதிகள். இவை கழன்றால் உயிராபத்து. இவற்றை வேலை தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

மாதிரி வினா

தகரப் பெட்டியின் கொண்டியை எப்பொக்சியால் ஒட்டியபின் இரு வாரத்தில் அது கழன்றது. பசை முழுவதும் கொண்டியில் இருந்தது. பெட்டியில் துரு காணப்பட்டது.
(i) போதாமற்போன விசை எது?
(ii) காரணம் ஒன்று தருக.
(iii) திருத்தும் முறை ஒன்று தருக.

விடை
(i) பெட்டிக்கும் பசைக்கும் இடையிலான ஒட்டல் விசை.
(ii) துரு நீக்கப்படாமல் ஒட்டப்பட்டமை.
(iii) அரத்தாளால் தேய்த்து, சுத்தம் செய்து, உலர்த்தி மீண்டும் ஒட்டுதல்.

குறிப்பு: (ii) இற்கு "பசை சரியில்லை" என எழுதாதீர்கள். பசை கொண்டியில் உறுதியாக ஒட்டியிருப்பதே அதற்கு மறுப்பு.