கூர்மையான திரை கண்ணைக் காக்குமா?

நாள் முழுதும் டி.டி.பி. வேலை. 24 அங்குல முழு எச்.டி. மானிட்டரை மாற்றி 4கே வாங்கினால் கண்ணுக்கு நல்லதா?
— வாசகர், உத்திரமேரூர்

எழுத்து தெளிவாகத் தெரிவதற்கு 4கே மானிட்டர் நல்லது. பார்வைக் குறைபாட்டை அது தடுப்பதுமில்லை, தீர்ப்பதுமில்லை. குறையற்ற கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோணம் வரையே நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பதால், 60 செ.மீ. தொலைவில் சுமார் 0.17 மி.மீ.க்குக் குறைந்த புள்ளிகள் தனித்தனியே தெரிவதில்லை. 24 அங்குல முழு எச்.டி. திரையில் பிக்சல் எனப்படும் படப்புள்ளியின் அகலம் சுமார் 0.28 மி.மீ. ஆகையால், சிறிய எழுத்தில் ண, ன ஆகியவற்றின் சுழிகள் பிசிறடிக்கின்றன. அதே அளவு 4கே திரையில் அது 0.14 மி.மீ.யாகக் குறைவதால், உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள பராந்தக சோழன் காலக் குடவோலைக் கல்வெட்டைப் பக்கமாக அமைக்கும்போதும் எழுத்தின் விளிம்பு துலக்கமாகத் தெரியும். அதற்கு மேற்பட்ட நுணுக்கத்துக்குச் செலவிடும் பணம் வீண்.

கண் எரிச்சலுக்கு முக்கியக் காரணம், திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைவதே. எனவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பதும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதும் எந்தத் திரைக்கும் அவசியம். முதலில் கண் பரிசோதனை, அதன் பிறகே புதிய மானிட்டர் என்ற வரிசையே சரியானது.