பொருநைக் கரையூர்கள்

மலைவளத்தையும் ஆற்றின் அழகையும் ஒருங்கே காண விரும்பும் மாணவர்க்குப் பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரைவழிப் பிரயாணம் மிகவும் ஏற்றதாகும். பொதியமலையிற் பிறந்து மன்னார் வளைகுடாவிற் கலக்குமளவும் இந்நதி ஓடுந் தூரம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர். மலையடிவாரத்துப் பாபநாசந் தொடங்கி ஒரே பகலில் மோட்டாரிற் கடந்துவிடலாம். எனினும், கோயிலையும் கடைவீதியையும் மாத்திரம் பார்த்து மீள்வோர் இவ்வூர்களின் உயிர்நிலையைக் கண்டவராகார். அவ்வுயிர்நிலை யாதெனின், ஆற்றின் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகளேயாம்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் மலையிற் பொழிதலால் இந்நதி வற்றாத நதியெனப் பெயர்பெற்றது. ஆயினும் அணையின்றேல் அந்நீர் வயலை அடையாது. வடகரையில் அம்பாசமுத்திரமும் தென்கரையிற் கல்லிடைக்குறிச்சியும் எதிரெதிரே நெல்வயல் சூழ விளங்குகின்றன. கன்னடியன் அணையிலிருந்து பிரியும் கால்வாய் தென்கரை வழியே சேரன்மாதேவிப் பக்கம் செல்கின்றது. அதனை அடுத்த பத்தமடை, ஆற்றோரத்துக் கோரையைப் பட்டுப்போல் மெல்லிய பாயாக நெய்தலாற் புகழ் பெற்றது. ஊணும் தொழிலும் ஒரே நீரினின்று வருதலை இங்கே காண்கின்றோம்.

திருநெல்வேலியைக் கடந்து திருச்செந்தூர்ச் சாலையிற் சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பைக் காணலாம். 1876-ல் யாகோர் என்பவரும், 1899 முதல் 1905 வரை அலெக்ஸாந்தர் ரீ என்பவரும் அகழ்ந்த தாழிக்காடு அதுவே. விளைவுக்குதவாத பரல்நிலத்தை இறந்தோர்க்கு வைத்து, நீர்பாயும் நிலத்தை உயிரோடிருப்போர்க்கு ஒதுக்கினர் பண்டையோர் என்று கருத இடமுண்டு.

அப்பால் ஸ்ரீவைகுண்டம். மேலுள்ள ஏழணைகளும் பழையவை. இவ்வூரிலுள்ள எட்டாவது அணை 1873-ல் முடிந்தது. ஏழு அணைகளும் கொண்டது போக எஞ்சியதே இதற்குக் கிடைக்கும். ஆதலின் மழை குறைந்த ஆண்டிற் கடைமடையாரே முதலில் வருந்துவர். மழை மிகுந்தாலும் துன்பம் அவர்க்கே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிற் பெருகிய வெள்ளத்தில் இவ்வூர் ரயில் நிலையத்தில் ஒரு வண்டி நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு அகப்பட்டு நின்றது.

ஆழ்வார்திருநகரியையும் கண்டு கீழ்நோக்கிச் சென்றால் கொற்கை வரும். முத்துக்குப் பெயர்போன அப்பாண்டியர் துறைமுகம், ஆறு கொணர்ந்த வண்டலாற் கடல் விலகவே, இன்று உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கின்றது. ஊரை ஆக்கிய ஆறே அதன் நிலையை மாற்றவும் வல்லது.

ஆற்றை நாம் மாற்றுவதும் உண்டு. நகரத்துச் சாக்கடை நீர் வழியிற் கலக்கின்றது; அதே ஆற்றுநீரைக் கீழேயுள்ளோர் பருகுகின்றனர். ஆகவே, இவ்வழிச் செல்லும் மாணவர், ஒவ்வோரூரிலும் முதலில் அணைமேல் நின்று இரண்டு வினாக்களை எழுப்புவாராக: இந்நீர் யார் கைக்கடந்து வந்தது? இனி யார் வாய்க்குச் செல்லும்? இவற்றிற்கு விடை தேடுவோர்க்கு இவ்வூர்கள் யாவும் ஒரே குடும்பமென்பது தானே விளங்கும்.